துரைக்கறி

பெற்றவளைப் பிணமாகக் கிடத்திவிட்டுப் பெற்ற மகனே எழவுச் சேதி சொல்லப் போவது எந்த ஊர் நியாயம்? அதற்கென்று ஆள் இருக்கிறது. அனுப்பினால் அவன் வாசலில் நின்றபடியே சேதியைச் சொல்லுவான், ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். மூலனூரில் முத்தாத்தாள் விடிகாலையில் கண்ணை மூடியதும், அவள் மகன் மாரப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு, “தங்கச்சி மருதாளுக்கு நானே போய்ச் சொல்லிக் கூட்டியாரேன்” என்று கிளம்பியதைப் பார்த்துச் சித்தப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“கொள்ளி வெக்கறவன் எங்கடா போறே? புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

“ஆத்தா சொல்லிட்டுப் போயிருக்குதுங்க.”

“பொழுது உழுகறதுக்குள்ள எடுத்தாகோணும். அதுக்குள்ள வந்து சேரு.”

முத்தாத்தாள் சொல்லியிருந்தது உண்மைதான். போன வாரம் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மருதாளுக்கு எவனையாவது தாட்டி உட்டுறாத சாமி, நீயே போ. அவ வயித்துக்கு ரெண்டு வாய் போட்டதுக்கப்புறம் சேதியச் சொல்லு. பட்டினியோட மட்டும் கூட்டியாந்துறாத” என்றாள். காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் முத்தாத்தாளின் புருஷன், மாரப்பனின் அய்யன் செத்தபோது, மகள் மருதாள் சேதி கேட்ட நிமிஷத்திலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் வந்தாள். எடுத்து முடித்து, மறுநாள் விடிந்தும் வாயைத் திறக்கவில்லை. வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். அவள் முழுகாமல் இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த அன்றே அது இல்லாமலும் போயிற்று. அதற்கப்புறம் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

கிழவி சுலபமாகச் சொல்லிவிட்டாள். செத்துப்போகிறவர்களுக்கென்ன, சொன்னதோடு அவர்கள் வேலை தீர்ந்தது. செய்யக் கிடக்கிறவன் பாடு யாருக்குத் தெரியும்? மாரப்பன் தாராபுரத்தில் பஸ் மாறித் திருப்பூரில் இறங்குகிறவரை அதையே உருப்போட்டுக்கொண்டு வந்தான்: முதலில் சாப்பிட வைக்கணும், அப்புறம் சொல்லணும், அப்புறம் கூட்டிக்கொண்டு கிளம்பணும். சொல்லிப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆனால் இதிலே ஒரு சிக்கல். மாரப்பன் தங்கை வீட்டில் கை நனைத்து ஏழு வருஷம் ஆகிறது. நனைத்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைப்பதென்றால் வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. உன்னை உறவென்று ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். மாரப்பன் பார்த்துவைத்த முருங்கைத் தோட்டத்துக்கார மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, திருப்பூரில் பனியன் மிஷின் ஓட்டுகிற பக்கத்து ஊர் லிங்கசாமியைக் கட்டிக்கொண்டாள் மருதாள். சாதி சனம் எல்லாம் ஒன்றுதான், பையனும் தங்கமான பையன். தன் பேச்சு எடுபடவில்லையே என்ற ரோஷம்தான் மாரப்பனுக்கு. “உன்ர ஊட்ல நான் கை நனைச்சா என்னன்னு கேளு” என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டான். சொன்ன மறு வருஷமே கோபம் போய்விட்டது. சொல்லிவிட்ட சொல்தான் போகவில்லை.

மருதாள் இருந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், ஒரு வளவில். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடித்தனம். சலவைப் பட்டறையின் காரமான வாடை தெருவெல்லாம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி லீவு. மருதாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து நின்றதைப் பார்த்ததும் கையில் இருந்த துணி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

“அண்ணா,” என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வாங்கண்ணா, வாங்க. ஆத்தா எப்படிங்ண்ணா இருக்குது?” என்றாள்.

“படுத்துட்டுத்தான் இருக்குது,” என்றான் மாரப்பன். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவனுக்கே அவன் மேல் அருவருப்பாக இருந்தது.

“உங்கள இங்க கண்டதும் எனக்கு ஒரு நிமிசம் பக்குனு ஆயிப்போச்சு. அப்புறந்தான் நெனச்சேன், ஏதாச்சும் ஆயிருந்தா நீங்களா வருவீங்க? ஆளுதான வந்திருப்பான்.” சிரித்தாள். “ஆத்தாதான் தாட்டி உட்டுச்சா?”

“ஆமா. உன்னயக் கூட்டியாரச் சொல்லுச்சு. இருக்கறத ஒரு வாய் தின்னுட்டுக் கெளம்பு கண்ணு, சீக்கிரம் போலாம்.”

“உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அவ்வளவுதான். அவள் முகம் செத்துப்போயிற்று. “அப்ப இன்னிக்கும் கை நனைக்க மாட்டீங்க,” என்றாள் மெதுவாக. “வாசல்ல நின்னு கூப்புட வந்தீங்களாக்கும். உங்கள நிக்க வெச்சுட்டு நான் உள்ள போயிப் பழைய சோத்தக் கரைச்சுக் குடிக்கறதா? வேண்டாமுங்ண்ணா. நான் இப்படியே வாரேன், நடங்க.”

இப்படியே வந்தால் என்ன ஆகும் என்பது மாரப்பனுக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு வருவாள், வெறும் வயிற்றோடு மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், வெறும் வயிற்றோடு விழுவாள். அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. “சரி, எதாச்சும் செய்யி. ரெண்டு பேருமாத் தின்னுட்டுப் போலாம்,” என்றான். அவன் நினைத்தது உப்புமா. அவனையும் சொல்லக் குற்றமில்லை, எந்த ஆம்பிளைக்கும் அவசரத்துக்கு உப்புமாதான் ஞாபகம் வரும்.

மருதாள் ஓடியே போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். அங்கே பெரியாத்தாள் என்கிற அம்மா கறி எடுக்கப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். “அக்கா, எங்கண்ணன் வந்திருக்குது. எனக்கும் கெடாத் தொடையில வாங்கியாங்க. துண்டு போடச் சொல்லாதீங்க. ரெண்டு விரல் கனத்துல, உள்ளங்கை அகலத்துக்கு பட்டை பட்டையா அறுக்கச் சொல்லுங்க.”

“துண்டு போடாம என்னத்தப் பண்ணுவே? அதத் தோசையாச் சுடுவியா?”

“சுடத்தான் போறேன். துரைக்கறிக்கா. எங்கய்யன் சமையல்.”

மாரப்பன் நாலு எட்டில் அவர்களிடம் வந்துவிட்டான். கறியா? ஆத்தா கூடத்தில் கிடக்கிறாள். ஊர்வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எடுக்கிறவரை பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் நாக்கு வறண்டால். இங்கே கறி வறுக்கப் போகிறாள். “கறியெல்லாம் எதுக்குக் கண்ணு, நேரமாகுமில்ல,” என்றான்.

“நேரம் என்னங்ண்ணா நேரம், ஆத்தா எங்க ஓடியா போயிருது?” என்றாள் மருதாள். பெரியாத்தாள் அதற்குள் தெரு திரும்பிவிட்டாள்.

துரைக்கறி என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த பதார்த்தம். பஞ்ச காலத்தில் அய்யன் வால்பாறையில் ஒரு துரை பங்களாவில் அடுப்படி வேலைக்கு இருந்தார். ரெண்டு விரல் கனத்துக்குக் கறியை அறுத்து, ஒரே இரும்புச் சட்டியில் வெண்ணெய் விட்டு, அதே சட்டியில் உருளைக்கிழங்கையும் வறுத்து, மிளகும் உப்புமாகத் தின்பான் துரை. மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, குழம்பு இல்லை. அய்யன் ஊருக்குத் திரும்பி வந்து ஆட்டுத் தொடையில் அதைச் செய்தார். துரை தின்றது எந்த ஆடு என்று முத்தாத்தாள் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. ஊர் நோம்பித் திருவிழா முடிந்த மறுநாள் அய்யன் அடுப்படியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் இரண்டும் சட்டியை விட்டு நகராது. அடிச் சட்டியில் ஒட்டிய கிழங்குக்காக மாரப்பனும் மருதாளும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள்.

கறி வந்தது. மருதாள் அம்மிக் குழவியால் ஒவ்வொரு பட்டையையும் தட்டி மெத்தென்று ஆக்கினாள். மிளகை ஒன்றும் பாதியுமாக நுணுக்கி உப்போடு சேர்த்துத் தடவினாள். உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக அரிந்து தண்ணீரில் போட்டாள். ஊத்துக்குளி வெண்ணெய்க்காரி முந்தாநாள் கொடுத்துவிட்டுப் போன உருண்டையைப் பாதிக்கு மேல் வழித்துச் சட்டியில் போட்டாள். அது உருகி நுரைத்து அடங்கியதும் கறியை விட்டாள். சட்டி சுர்ரென்று சத்தம் போட்டது. வாசம் வளவு முழுக்கப் பரவி, எதிர் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன.

“அய்யன் சொல்லுமில்லீங்ண்ணா, போட்டதும் நோண்டாத, அது பாட்டுக்கு உடு, தானாச் செவந்து சட்டிய உட்டு எந்திரிக்கும்னு. நீங்க பொறுக்காமக் கரண்டி போட்டு அடி வாங்குவீங்க.”

“ம்.”

“என்னண்ணா, நெம்ப எளச்சுப் போயிட்டீங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. ஆத்தாவப் பார்த்துட்டு ராத்திரி தூங்கறதில்லையா?”

“ம்.”

இரண்டு பக்கமும் சிவந்ததும் கறியைச் சட்டியின் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் கிழங்கைப் பரப்பினாள். நாலு பூண்டு தட்டிப் போட்டாள். கிழங்கு வெண்ணெயைக் குடித்து மினுமினுத்தது. அப்புறம் கறியைக் கிழங்கின் மேல் தூக்கி வைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினாள். இவ்வளவும் மளமளவென்றுதான் நடந்தது. மாரப்பனுக்குக்கூட இதோ முடிந்துவிடும் என்று நம்பிக்கை வந்தது.

கறி வேகவில்லை. கடைக்காரன் கிழட்டுக் கிடாயைத் தலையில் கட்டிவிட்டான். மருதாள் மூடியைத் திறந்து ஈர்க்குச்சியால் குத்துவாள், “இன்னுஞ் சித்தெ” என்பாள், தண்ணீர் தெளித்து மூடுவாள். விறகு வேறு ஈரம். புகைகிறதே தவிர எரியவில்லை. மாரப்பன் பொறுக்க முடியாமல் தானே குனிந்து ஊதினான். கண்ணில் நீர் கொட்டியது. நல்ல வேளை, புகை இருந்தது.

அந்நேரம் மூலனூரில் பந்தல் போட்டிருப்பார்கள். பங்காளிகள் வந்து சேர்ந்திருப்பார்கள். மகன் எங்கே, மகன் எங்கே என்று ஆளுக்கு ஆள் கேட்டிருப்பார்கள். மகன் இங்கே கறிச் சட்டிக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறான். சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. “மருதா,” என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவன் அவள் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது. “உப்பு போட்டியா?” என்று கேட்டான்.

எழுந்து முற்றத்துக்கு வந்தான். பெரியாத்தாள் தன் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் குனிந்து, குரல் வெளியே வராமல் சொன்னான்: “எங்கம்மா வெடியால தவறிப்போச்சுங்க. அவ இன்னும் ஒண்ணுந் தெரியாம இருக்கறா. நானும் சொல்ல மாட்டாம நிக்கறனுங்க.”

பெரியாத்தாள் கழுவிய போசி கையோடு அப்படியே நின்றாள். “மகராசி, போன மாசங்கூட வந்து உக்காந்து பேசிட்டுப் போச்சே. அடுப்ப அணைக்கச் சொல்லட்டுங்களா சாமி?”

“வேண்டாமுங்க. அவ ரெண்டு வாய் தின்னுட்டும். பட்டினி தாங்க மாட்டா.”

“அது தெரியும். அவ லிங்கசாமியும் ஊர்ல இல்ல, சரக்கோட கல்கத்தா போயிருக்கறான். நான் யாருக்குன்னு சொல்லுவேன்?” என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனவள், தன் பரண்மேல் மழைக்குப் பத்திரமாக எடுத்து வைத்திருந்த காய்ந்த வேலாவிறகை ஒரு கட்டு இறக்கிக்கொண்டு வந்தாள். மருதாளின் அடுப்பில் தானே செருகினாள். தீ பிடித்து எழுந்தது.

“அதிசயமாயிருக்குதே,” என்றாள் மருதாள். “ஒரு சுள்ளி கேட்டா ஒம்பது கேள்வி கேக்கற அக்கா இன்னிக்குக் கட்டோட கொண்டாந்து போடறீங்க. எங்கண்ணனுக்கு அவ்வளவு மரியாதையா?”

பெரியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வழியாகக் கறி வெந்தது. மருதாள் தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அண்ணனைத் தடுக்கில் உட்கார வைத்தாள். சோறு வைத்தாள். கறிப்பட்டை ஒன்றும், ஓரம் முறுகிய கிழங்குமாகச் சட்டியில் வழித்த வெண்ணெயோடு வைத்தாள். தனக்கும் ஒரு வட்டிலில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ தின்னு கண்ணு,” என்றான் மாரப்பன்.

“நீங்க மொதல்ல.”

“நீ தின்னு, நான் திங்கறேன்.”

“ஏழு வருசங்ண்ணா,” என்றாள். “நீங்க ஒரு வாய் வெக்காம நான் சோத்துல கை வெக்க மாட்டேன். தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சாலும் எந்திரிப்பேன். என்னயத் தெரியுமில்ல உங்களுக்கு.”

தெரியும். அந்தப் பிடிவாதம் எந்த வயிற்றிலிருந்து வந்தது என்பதும் தெரியும். அந்த வயிறு இப்போது கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடக்கிறது. மாரப்பன் இலையைப் பார்த்தான். தின்றால் மகன் இல்லை, தின்னாவிட்டால் அண்ணன் இல்லை. யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் கேட்பதற்கு இருந்த ஒருத்தியும் போய்விட்டாள். மன்னிச்சுக்க ஆத்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கறியைக் கிள்ளிக் கிழங்கோடு சேர்த்து வாயில் வைத்தான்.

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மண்ணாக இருந்திருந்தால் தேவலை. அய்யன் கை மணம் அப்படியே இருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து காய்ந்து கிடந்த வயிறு, யார் செத்தார்கள் என்று கேட்கவில்லை. கை தானாக இரண்டாவது வாய்க்குப் போயிற்று. மூன்றாவதுக்கும் போயிற்று. மாரப்பனுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. எறியாமல் மென்று விழுங்கினான்.

மருதாள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் வட்டிலில் கை வைத்தாள். அப்புறம் அவள் தின்றதைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பும் பேச்சுமாக, சோறு மறுபடி போட்டுக்கொண்டு, அடிச் சட்டிக் கிழங்கைச் சுரண்டி அண்ணன் இலையில் பாதியும் தன் வட்டிலில் பாதியுமாக வைத்துக்கொண்டு தின்றாள். மாரப்பன் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தான். போதும், ஆத்தா கேட்டது நடந்துவிட்டது, கையைக் கழுவியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

கையைக் கழுவியதும் அவள் தூக்குப்போசியை எடுத்தாள். நாலு கிழங்கு வில்லையும் ஒரு துண்டுக் கறியும் அதில் போட்டுக் கரண்டியால் மசித்தாள். “ஆத்தாவுக்குப் பல்லில்ல. மசிச்சுக் குடுத்தா ஒரு வாய் வெக்கும். நீங்க கை நனைச்சதை நான்தான் சொல்லுவேன், நீங்க சொல்லப்படாது. ஒவ்வொருக்கா வரும்போதும் அது ஒண்ணத்தானே சொல்லி அழுகும். இதக் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கும் பாருங்க.”

இதற்கு மேல் எந்த வாயால் சொல்லுவது? மாரப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரி, கிளம்பத்தானே வேண்டும், பஸ்ஸில் உட்கார வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அதையும் தள்ளிப்போட்டான். மருதாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டாள். தலை சீவிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். வளவை விட்டு வெளியே வரும்போது பெரியாத்தாள் கதவு லேசாகத் திறந்தது. அந்தப் பூவைப் பார்த்தாள், மாரப்பனைப் பார்த்தாள், திரும்பவும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பல்லடம் போகிறவரை மருதாள் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணி எப்படி இருக்கிறாள், முருங்கை இந்த வருஷம் எப்படி, லிங்கசாமி கல்கத்தாவிலிருந்து வந்ததும் இரண்டு பேருமாக வந்து ஆத்தாவை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமா. மாரப்பன் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அடுத்த ஊரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஊர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. பேசிக் களைத்து அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூங்குகிறவளை எழுப்பியா சொல்லுவது என்று அதற்கும் ஒரு சாக்குக் கிடைத்தது.

தாராபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்தார்கள். கிளம்புகிற நேரத்தில் ஒருத்தர் ஓடி வந்து ஏறினார். தூரத்துப் பங்காளி, சுப்பண்ணன் என்று பேர். கையில் வாழையிலையில் சுற்றிய பெரிய மாலை. மாரப்பனைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது.

“ஏப்பா மாரப்பா, நீ இங்க இருக்கறே? எத்தனை மணிக்கு எடுக்கறதாம்? எனக்கு இப்பத்தான் சேதி வந்துச்சு, போட்டது போட்டபடி ஓடியாரேன்.” அப்புறம் மருதாளைப் பார்த்தார். “ஓ, தங்கச்சியக் கூட்டியாரப் போயிருந்தியாக்கும். அழுகாத கண்ணு, அழுகாத. நல்ல சாவு. ஆத்தா ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்காமப் போயிருச்சு.”

மருதாள் அழவில்லை. அவர் கையில் இருந்த மாலையைப் பார்த்தாள். மாரப்பனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுப்பண்ணனுக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் அவள் கேட்டாள். “எப்ப?”

“வெடியால.”

“அப்ப நீங்க வரும்போதே.”

“ஆத்தாதான் சொல்லுச்சு கண்ணு. உன்னயத் தின்ன வெச்சதுக்கப்புறம் சொல்லோணும்னு. அய்யனுக்கு ஆனாப்பல ஆயிரக் கூடாதுன்னு.”

“கறி திங்க வெக்கச் சொல்லுச்சா?”

மருதாள் தலையிலிருந்த பூவை உருவினாள். ஜன்னலுக்கு வெளியே போடக்கூட மனசில்லாமல் கைக்குள்ளேயே கசக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னயத் திங்க வெச்சீங்க, சரி. எனக்குத் தெரியாது,” என்றாள். “உங்களுக்குத் தெரியுமில்ல. ஏழு வருசமாக் கை நனைக்காதவரு, இன்னிக்குன்னு பார்த்து நனைச்சீங்களே.”

“நீ திங்க மாட்டேன்னு சொன்னியே கண்ணு.”

“ஆமாங்ண்ணா,” என்றாள். “நான்தான் சொன்னேன்.”

அப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பேசியதற்கும் திரும்பவில்லை. மூலனூரில் இறங்கியதும் கண்டக்டர் பின்னாலேயே வந்து, “ஏம்மா, போசிய மறந்துட்டுப் போறீங்க” என்று தூக்குப்போசியை நீட்டினார். மருதாள் பார்க்காமல் நடந்தாள். மாரப்பன்தான் வாங்கிக்கொண்டான். ரோட்டோரப் பள்ளத்தில் அதைக் கவிழ்த்தபோது எங்கிருந்தோ ஒரு நாய் ஓடி வந்தது.

பந்தலுக்குள் நுழைந்ததும் சித்தப்பா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. குளிப்பாட்டிக் கோடி போட்டு முத்தாத்தாளை வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட வேண்டியதுதான் பாக்கி. பெண்கள் ஓலமிட்டபடி எழுந்து, “மக வந்துட்டா, வழி உடுங்க, மக வந்துட்டா” என்றார்கள்.

மருதாள் பந்தற்காலோடு நின்றுவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கறி தின்ற தன் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“வா கண்ணு, வந்து ஒரு பிடி போடு,” என்று ஒருத்தி கையைப் பிடித்தாள்.

“நான் தூரமுங்க,” என்றாள் மருதாள். “கிட்ட வரப்படாது. இங்கயே நின்னுக்கறேன்.”

மாரப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பொய். காலையில் அவள் அடுப்படியில் நின்று சமைத்தாள், அவனுக்கு இலை போட்டாள். வீட்டுக்குத் தூரமான பெண் அதைச் செய்ய மாட்டாள். வாயைத் திறந்து, அண்ணன் கறி தின்றான், என்னையும் தின்ன வைத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். அவள் சொல்லவில்லை. பெற்றவளைக் கடைசியாகத் தொடுவதையும் விட்டுக்கொடுத்து, அவ்வளவு பேர் முன்னால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். “பாவி மகளே, இன்னிக்குப் பார்த்தா இது வரோணும்? பெத்தவ மூஞ்சியத் தொடக் குடுத்து வெக்கலியே” என்று அவளைக் கட்டிக்கொள்ள முடியாமல் தள்ளி நின்று அழுதார்கள்.

ஓடிப் போய் உண்மையைச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமென்று மாரப்பனுக்குக் கால் பரபரத்தது. சொன்னால் கொள்ளியை யாரிடம் கொடுப்பார்கள், பிணம் எப்போது எழும், சொல்லியும் அவள் வருவாளா? ஒன்றும் தெரியாமல் நின்றான். சித்தப்பா அரிசித் தட்டை அவன் முன்னால் நீட்டினார்.

அவன் ஒரு பிடி அள்ளி ஆத்தாவின் வாயில் போட்டான். பாதி கழுத்தில் சிந்தியது. போதும் என்று பின்னால் நகரப் போனவனைச் சித்தப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“நில்லுப்பா. தங்கச்சி வர முடியலீல்ல. அவ பங்கையும் உன்ர கையாலயே போட்டுரு.”

மாரப்பன் பந்தற்காலைத் திரும்பிப் பார்த்தான். மருதாள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தட்டு அவன் கைக்கு நேராக நீண்டபடியே இருந்தது. அவன் இன்னொரு பிடி அள்ளினான்.